எல்லாத்துக்கும் மூணு

ஓடைப்பாக்கத்துக்கு ஆராய்ச்சி பண்ண வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் கெங்கம்மாள் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதில் எங்கே முடிகிறதோ அங்கே ஊர் ஆரம்பிக்கிறது. ஊரின் முதல் வீடு அவளுடையது. வாசலில் ஒரு வேப்பமரம், அதன் கீழே கார் நிறுத்த நிழல். பல ஊர்களைப் பரிசீலித்து இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம் என்று அறிக்கையில் பெருமையாக எழுதிக்கொள்வார்கள். தேர்ந்தெடுத்தது அந்த வேப்பமரம்.

பதினோரு வருஷத்தில் எத்தனை பேர் வந்தார்கள், அடேங்கப்பா! முதலில் ஒரு மருத்துவக் கல்லூரிக் கும்பல். தெருவையே வரிசையில் நிற்கவைத்து ஒரு குழாயைக் கொடுத்து ஊது, இன்னும் ஊது என்று பிறந்தநாள் பலூனுக்கு ஊதவைப்பது மாதிரி ஊதவைத்தார்கள். ஊதிய மூச்சு என்ன ஆனது என்று இன்றுவரை தகவல் இல்லை. அடுத்து எஞ்சினியரிங் பிள்ளைகள். லாரி ஓடுகிற அதிர்வில் சுவர் விரிகிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து, விரிசலைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். விரிசல் அங்கேயேதான் இருக்கிறது, இப்போது அதில் பல்லி குடித்தனம். கம்பெனி சங்கு ஊதினால் எருமைக்குப் பால் குறைகிறதா என்று ஒருவர் கேட்டார். ஊர்மக்களின் மகிழ்ச்சியை அளக்க ஒருவர் வந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பத்து நாளாகச் சோறு இறங்காதவர் மாதிரி இருந்தது. வீட்டில் பெண்ணுக்கு எவ்வளவு சுதந்திரம் என்று டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு அம்மாள் விசாரித்தாள். அந்த ஒன்றரை மணி நேரமும் கெங்கம்மாளின் புருஷன் மணவாளன், அந்த அம்மாளுக்குக் கூல் டிரிங்ஸ் வாங்க வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான்.

இவர்களில் ஒருவருக்கும் இன்னொருவரைத் தெரியாது. நேற்று வந்தவன் கேட்டதையே இன்று வந்தவனும் கேட்பான். வீட்டில் எத்தனை பேர், கூரை ஓடா கான்கிரீட்டா, கழிப்பறை உள்ளேயா வெளியேயா. போன வாரம்தானே சொன்னேன் என்று கெங்கம்மாள் அலுத்துக்கொண்டால், அது வேற டிபார்ட்மென்ட்மா என்பார்கள். ஒரு கழிப்பறையை ஒன்பது டிபார்ட்மென்ட் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

போகும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவோ, எழுதாத பேனாவோ கையில் திணித்து, பேனர் பிடித்துப் போட்டோ எடுப்பார்கள். அச்சடித்த தாள்களையும் ஒரு கட்டு விட்டுப்போவார்கள். நல்ல கனமான தாள். கெங்கம்மாள் அதைச் சமையலறை ஷெல்பில் எண்ணெய் டப்பாவுக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் அடியில் விரித்துவிடுவாள். இவர்கள் செய்த ஆராய்ச்சியில் ஊருக்கு உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

ஆரம்பத்தில் அவள் ஒழுங்காகத்தான் பதில் சொன்னாள். கேள்விக்கு ஐந்து கட்டம். ஒன்று என்றால் ரொம்ப மோசம், ஐந்து என்றால் ரொம்ப நல்லது. காற்று எப்படி என்று கேட்டபோது, ஒன்று என்று உள்ளதைச் சொன்னாள். உடனே கேள்வி கேட்ட பையன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏன் என்று கேட்டான். ஏன் என்பதற்கு ஒரு தனிப் பக்கம் இருந்தது. எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், எத்தனை முறை என்று அது நீண்டுகொண்டே போனது. அன்றைக்கு நடவு. ஆட்கள் வயலில் காத்திருக்க, நாற்று வெயிலில் வதங்க, இவள் வேப்பமர நிழலில் ஏன் என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, அடுத்தவனிடம் நல்லதாகச் சொல்லித் தொலைப்போம் என்று ஐந்து என்றாள். அதற்கும் ஏன் என்று ஒரு பக்கம் இருந்தது. மூன்றாவது தடவை, என்னவோ வாயில் வந்தது, மூணு என்றாள். அவன் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அதற்கும் மூணு. போய்விட்டான். எண்பது கேள்வி பத்து நிமிஷத்தில் தீர்ந்தது.

அடப்பாவிகளா, இவ்வளவுதானா சங்கதி! கெங்கம்மாளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்றைக்கே பக்கத்து வீட்டுத் துர்காதேவியைக் கூப்பிட்டுச் சொன்னாள். துர்காதேவி மகளிர் குழுவில் சொன்னாள். ஒரே மாதத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கார் வந்து நின்றால் கெங்கம்மாள் முன்னால் போய் ஆட்களைக் கூட்டி உட்காரவைப்பாள். எல்லாரும் வரிசையாக மூணு, மூணு, மூணு. இருமலுக்கு மூணு, பஸ் வசதிக்கு மூணு, தாம்பத்தியத்துக்கு மூணு, சோப்புத்தூளுக்கு மூணு. வந்தவர்களுக்கும் இது பிடித்துப்போயிற்று. வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு போய் நாஷ்டா சாப்பிடலாம் அல்லவா? ஓடைப்பாக்கத்து மக்கள் நல்ல ஒத்துழைப்பு என்று கல்லூரிக்குக் கல்லூரி பேர் பரவி, இன்னும் நாலு கார் கூடுதலாக வந்தது. கீழே கையெழுத்து மட்டும் வேண்டும் என்பார்கள். போட்டுவிடுவார்கள்.

இதற்கு நடுவில் ஒரே ஒருத்தி வேறு மாதிரி வந்தாள். சுகிர்தா என்று பேர், திருவள்ளூர்ப் பக்கம் ஏதோ எஞ்சினியரிங் கல்லூரி. கார் இல்லை, ஷேர் ஆட்டோவில் மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டியை வைத்துக்கொண்டு இறங்கினாள். கூரையைக் கேட்கவில்லை, கழிப்பறையைக் கேட்கவில்லை. கிணறு எங்கே இருக்குது அக்கா என்றாள்.

கிணறு மணவாளனின் ஒன்றரை ஏக்கர் நெல் வயலில் இருந்தது. அந்த வயலுக்கு வேறு தண்ணீர் கிடையாது. நாலைந்து வருஷமாகத் தண்ணீரில் ஒரு மஞ்சள் ஓடியது, பாத்திரத்தில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியது. வீட்டுக்குக் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். மணவாளன் மட்டும் கேளான். கேன் தண்ணீர் சப்பென்று இருக்கிறது, அது சீக்காளி குடிக்கிற தண்ணீர் என்பான். மோட்டார் போட்டதும் குழாய் வாயில் பாட்டிலைப் பிடித்து நிரப்பிக் குடித்தால்தான் அவனுக்குத் தாகம் அடங்கும்.

சுகிர்தா அந்தக் குழாய்த் தண்ணீரில் தன் பாட்டிலை மூன்று தடவை அலசி, நாலாவது தடவை பிடித்து, மூடி, தேதி எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். இதை யார் குடிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். கெங்கம்மாள் சொன்னாள். சுகிர்தாவின் முகம் கொஞ்சம் மாறியது. ரிசல்ட் வந்ததும் கண்டிப்பாக அனுப்புகிறேன் என்று சொல்லி ஆட்டோ ஏறிவிட்டாள். கெங்கம்மாளுக்கு இவளைப் பார்த்தால் இளக்காரமாக இருந்தது. ஃபாரம் இல்லை, பேனர் இல்லை, இது ஒரு ஆராய்ச்சியா என்று துர்காதேவியிடம் சொல்லிச் சிரித்தாள். நாற்பது நாள் கழித்துத் தபாலில் ஒரு கவர் வந்தது. பிரித்தால் கல்லூரி முத்திரை, இங்கிலீஷ், கட்டம் கட்டமாக எண்கள். வந்துட்டாங்கடா இன்னொரு கட்டத்தோட என்று முனகிக்கொண்டே எண்ணெய் டப்பாவுக்கு அடியில் விரித்தாள். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. போன தை மாதம்தான் விஷயம் வெடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கெமிக்கல் கம்பெனி தன்னைப் பெரிதாக்கப்போகிறது. கழிவுத் தண்ணீருக்குப் புதிதாக ஒரு வாய்க்கால். அது மணவாளனின் வரப்பை ஒட்டி, கிணற்றுக்கு இருபது அடியில் போகிறது. அதிகாரிகள் ஊரைக் கூட்டி அபிப்பிராயம் கேட்பார்கள். எதிர்ப்புக்கு ஆதாரம் இருந்தால் வாய்க்காலை மறுபக்கம் திருப்பச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கம்பெனிக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மணவாளன் இரண்டு நாள் வரப்பையே சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "இப்பவே தண்ணி மஞ்சளா கீது. அந்த வாய்க்காவும் வந்துட்ச்சின்னா கெணறு போச்சு, நெலமும் போச்சு. அதே கம்பெனி கேட்ல வாட்ச்மேனா போய் குந்த வேண்டியதுதான்" என்றான்.

கெங்கம்மாள் பயப்படவில்லை. ஆராய்ச்சிக்காரர்களைப் பதினோரு வருஷமாக மேய்த்தவள் அவள். நாலு படித்தவர்கள் முன்னால் எப்படிப் பேசுவது என்று அவளுக்கா தெரியாது? கூட்டத்தன்று இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு தெருவையே கிளப்பிக்கொண்டு போனாள்.

கூட்டம் கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேராசிரியர் பாக்கியநாதன்; கம்பெனிக்காக ஊர் நிலவரத்தைத் தொகுத்துக் கொடுத்தவர் அவர்தான். தலையணை தண்டிக்கு ஒரு புத்தகம் வைத்திருந்தார். அவர் கால் ஓடைப்பாக்கத்து மண்ணில் ஒரு நாளும் பட்டதில்லை. பட்டிருந்தால் வேப்பமரத்தையாவது கண்டிருப்பார்.

கெங்கம்மாள் முதல் ஆளாக மைக்கைப் பிடித்தாள். தண்ணீர் மஞ்சளாக இருப்பதை, கதிர் நுனி கருகுவதை, போன பட்டத்தில் பாதி நெல் பதராகப் போனதை ஒன்றுவிடாமல் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். தெருவே கை தட்டியது.

பாக்கியநாதன் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரையில் ஒரு பக்கத்தைப் போட்டார். ஓடைப்பாக்கத்தைப் பற்றி இதுவரை பதினாலு ஆய்வுகள் வந்திருக்கின்றன என்றார். மருத்துவம், கட்டடப் பொறியியல், கால்நடை, வேளாண்மை, மனநலம், பெண்கள் முன்னேற்றம், சந்தை ஆய்வு. ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாத துறைகள். செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது கூட இல்லை. ஆனால் பாருங்கள் என்று குச்சியால் தட்டினார். மூச்சு, மூன்று. தண்ணீர், மூன்று. பயிர், மூன்று. மகிழ்ச்சி, மூன்று.

"என் முப்பது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு துறைகள் தனித்தனியா வந்து ஒரே இடத்துல சேர்ந்து நான் பார்த்ததில்லை சார். இந்த ஊர் எல்லாத்துலயும் நடுத்தரமா, அமைதியா இருக்குது. பாதிப்புங்கறதுக்கு அறிவியல்ல இடமே இல்லை." சொல்லும்போது மனுஷனுக்குக் குரல் தழுதழுத்தது. தெய்வ தரிசனம் கண்டவன் மாதிரி ஆகிவிட்டார்.

கெங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். திரையில் இருக்கிற ஒவ்வொரு மூன்றும் அவளுக்குத் தெரிந்த மூன்று. எந்த மூன்று நடவன்று சொன்னது, எந்த மூன்று அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது சொன்னது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியும்.

அதிகாரி ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். கிணற்றுத் தண்ணீரில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்ற கேள்வி, மூன்று என்று டிக், கீழே அவள் கையெழுத்து. "இது நீங்க சொன்னதுதானேம்மா? அப்போ நீங்க பொய் சொன்னீங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவள் தெருவே உட்கார்ந்திருந்தது. ஆமாம் என்றால் அத்தனை பேரும் பொய்யர்கள், பொய்யைக் கற்றுக்கொடுத்தவள் இவள். கெங்கம்மாள் அக்கா, கெங்கம்மாள் அக்கா என்று ஊரே கொண்டாடுகிற கெங்கம்மாள். "இல்ல சார்" என்று வாய் சொல்லிவிட்டது. அவ்வளவு நேரம் அவள் பேசியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் தண்ணீரில் போட்ட உப்பாகப் போயிற்று.

வேறு ஆதாரம் எழுத்தில் இருந்தால் இரண்டு மணிக்குள் கொடுக்கலாம் என்று அதிகாரி சொன்னார். அப்போதுதான் அவளுக்கு எண்ணெய் டப்பா ஞாபகம் வந்தது. புருஷனிடம் கூடச் சொல்லாமல் ஓடி ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

டப்பாவைத் தூக்கினால், தாள் வட்டமாக எண்ணெய் குடித்துப் பளபளவென்று இருந்தது. ஆனால் எண்கள் தெரிந்தன. தேதி தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தின தேதி. தூசி தட்டுவதற்காகத் திருப்பினாள். பின்பக்கம் நீல மையில், தமிழில், கையால் எழுதியிருந்தது. "அக்கா, இந்தத் தண்ணியை இனிமே யாரும் குடிக்க வேண்டாம். மாமாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. இந்த ரிப்போர்ட்டை பத்திரமா வைங்க, எங்கேயாவது கேட்டா காட்டலாம். என் நம்பர் கீழே இருக்கு."

கெங்கம்மாள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷம். தினமும் இரண்டு பாட்டில். தோசைக்கு எண்ணெய் எடுக்கும்போதெல்லாம் அவள் கை இந்த எழுத்துக்கு மேலேதான் போய் வந்திருக்கிறது. வந்தவர்களையெல்லாம் முட்டாள்கள் என்று சிரித்தாளே, அவர்களாவது கார் ஏறிப் போய்விட்டார்கள். இவள் தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு முட்டாளாக இருந்திருக்கிறாள். கஸ்மாலம், கஸ்மாலம் என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது பந்தி ஆரம்பித்திருந்தது. அதிகாரி தாளை விரல் நுனியில் வாங்கி, எண்ணெய் ஒட்டாத மூலையில் சீல் குத்தச் சொன்னார். பாக்கியநாதன் எட்டிப் பார்த்தார். எண்களை விரல் வைத்து ஒரு தடவை படித்தார், மறுபடியும் மேலிருந்து படித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது. அப்புறம் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "ஒரு கிணறு, ஒரு பாட்டில், ஒரு பொண்ணு. இந்தப் பக்கம் பதினாலு ஆய்வும்மா. இப்படித் தனியா துருத்திக்கிட்டு நிக்கிற எண்ணை நாங்க கணக்குல சேர்க்கறதில்லை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். தாள் தலையணைப் புத்தகத்துக்கு அடியில் போயிற்று. எண்ணெய் டப்பாவே தேவலை.

வாசலில் ஊருக்குத் திரும்ப கம்பெனி வேன் நின்றது. அதில் ஏறப் போகிற வழியில் ஜெபா என்ற ஒரு கல்லூரிப் பெண் மேசை போட்டு ஒரு கட்டுத் தாளோடு நின்றுகொண்டிருந்தாள். கருத்துக் கேட்புக் கூட்டம் மக்களுக்கு எவ்வளவு திருப்தி தருகிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறாளாம். ஐந்து கட்டம்.

"மூணு" என்றான் வரிசையில் முதல் ஆள். "மூணு" என்றான் அடுத்தவன். துர்காதேவி கேள்வியை முடிக்கவிடவே இல்லை.

"அப்டி சொல்லாதடீ" என்று கெங்கம்மாள் அவள் தோளைப் பிடித்தாள்.

துர்காதேவி வேனைப் பார்த்துக்கொண்டே, "நீதானக்கா சொல்லிக் குட்த்த? வேன் கெளம்பிடும், வா" என்று கையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குப் பின்னால் மணவாளன். மோட்டாருக்குக் கரெண்ட் வருகிற நேரம், அவன் கவலை அவனுக்கு. வாய்க்கால் வந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, அதற்காக இன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் விடுவானா? "எங்களுக்கு எல்லாத்துக்கும் மூணும்மா" என்று சொல்லிக்கொண்டே, காலையில் கிணற்றில் பிடித்து வந்த பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தான்.

கெங்கம்மாள் அதைப் பிடுங்கினாள். தண்ணீர் அவன் சட்டையில் கொட்டியது. ஊர் பார்க்க இப்படிச் செய்கிறாளே என்று அவன் விழித்தான். அவள் பாட்டிலை ஜெபாவின் மேசை மேல் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு போடு" என்றாள்.

ஜெபா தயங்கினாள். ஒன்று என்றால் காரணம் கேட்டு எழுத வேண்டும், அது தனித்தாள், நாலு பக்கம் வரும் ஆன்ட்டி என்றாள். வேனில் ஹாரன் அடித்தார்கள். கெங்கம்மாள் திரும்பவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எட்த்து எழுது. பேரு கெங்கம்மாள். ஓடைப்பாக்கத்துல மூணுன்னு சொல்லிக் குட்த்தவ நான்தான். பதினாலு தாள்லயும் கீறது என் பொய்யி."

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே ஆன்ட்டி."

"ஓரத்துல எழுது." ஜெபா எழுதி முடித்துப் பேனா நிற்கிறவரை கெங்கம்மாள் காத்திருந்தாள். வேன் கிளம்பிவிட்டது. மணவாளன் மட்டும் ஈரச் சட்டையோடு அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். "எழுதினியா? இப்ப ஏன்னு கேளு."